எடுத்த நீர் ஏன் திரும்புகிறது?

இரண்டு டீ தம்ளர் அளவு நீர் ஒருவரைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடக்கூடும். அதைப்போல ஐந்து மடங்கு நீரைச் சுமந்துகொண்டு இன்னொருவர் கடைக்குப் போய் வருவார், சமையல் செய்வார், கேட்டால் ‘படியேறினா கொஞ்சம் மூச்சு வாங்குது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். இருவருக்கும் நீர் தேங்கியிருக்கும் இடம் ஒன்றே: இதயத்தைச் சுற்றியுள்ள உறை.

இந்தப் புதிர் விளங்கிவிட்டால் ‘இதயத்தைச் சுத்தி நீர் கோத்திருக்கு’ என்று டாக்டர் சொல்லும் நோயில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, ஊசி போட்டு எடுத்த பிறகும் அந்த நீர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. முதல் பாதி அவசர சிகிச்சை சம்பந்தப்பட்டது. அதற்குக் கவனம் தானாகவே கிடைத்துவிடுகிறது. இரண்டாவது பாதிக்குப் பொறுமை வேண்டும். அங்கேதான் பலரும் தவறிப்போகிறார்கள்.

இதயம் மார்புக்குள் வெறுமனே தொங்கிக்கொண்டிருப்பதில்லை. அது ஒரு பைக்குள் இருக்கிறது. பெரிகார்டியம் எனப்படும் அந்தப் பையின் வெளிப்பக்கம் நார்களால் ஆனது, உறுதியானது. உட்பக்கம் மிக மெல்லிய சவ்வு. அதே சவ்வு மடிந்து திரும்பி இதயத்தின் மேலேயும் படர்ந்திருக்கிறது. இந்த இரண்டு பரப்புகளுக்கும் நடுவே 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை தெளிந்த நீர் இருக்கும். இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பையோடு உரசாமல் வழுக்கிக்கொள்ள இந்த ஈரம் போதும். இது ஓயாமல் ஊறுகிறது, நிணநீர்க் குழாய்கள் வழியாக ஓயாமல் வடிகிறது. ஊறுவது கூடினாலும் வடிகால் அடைபட்டாலும் அளவு ஏறும். அவ்வளவுதான் அடிப்படை. நோய்கள் எத்தனை இருந்தாலும் அவை இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன, சில இரண்டையும் செய்கின்றன.

இனி அந்தப் புதிர். தென்மாவட்டக் கிராமங்களில் தண்டட்டியும் பாம்படமும் போட்ட பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்களுடைய காது தோளைத் தொடும். சிறுவயதில் குத்திய துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கி, எடையைக் கூட்டிக் கூட்டி, வருடக்கணக்கில் வளர்த்த காது அது. அதே எடையை ஒரே நாளில் சின்னக் காதில் மாட்டியிருந்தால் அறுந்துபோயிருக்கும். இதய உறையும் அப்படித்தான். திடீரென்று இழுத்தால் அது கொடுக்காது. 150 அல்லது 200 மில்லிலிட்டர் நீரோ ரத்தமோ சட்டென்று சேர்ந்தால் பை விறைத்துக்கொள்ளும், உள்ளே அழுத்தம் செங்குத்தாக ஏறும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்தாலோ உறை வளர்ந்து இடம் கொடுக்கும். ஒரு லிட்டர், சிலருக்கு அதற்கு மேலும்கூட, தாங்கிக்கொள்ளும். ஆகவே ‘எவ்வளவு நீர்’ என்ற கேள்வியைவிட ‘எவ்வளவு வேகத்தில்’ என்ற கேள்விதான் முக்கியம். ஆனால் மெல்ல வளர்ந்த பைக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டபின் இன்னும் ஒரு ஆழாக்கு சேர்ந்தாலும், அதுவரை நடமாடிக்கொண்டிருந்தவர் அன்றைக்கே சாய்ந்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது? இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தள்ளுவதற்கு முன் அது நிரம்ப வேண்டும் என்பதை நாம் யோசிப்பதில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, ரத்தம் உள்ளே வர வேண்டும். சுற்றிலும் நீர் நெருக்கும்போது இந்த விரிவுதான் முதலில் கெடுகிறது. வலப்பக்க அறைகளின் சுவர் மெல்லியது, அங்கே அழுத்தமும் குறைவு. அதனால் அவையே முதலில் உள்வாங்குகின்றன. உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தம் வாசலில் காத்து நிற்கிறது, கழுத்துச் சிரைகள் புடைக்கின்றன. உள்ளே வந்தது குறைவென்பதால் வெளியே போவதும் குறைகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. இந்த நிலைக்கு மருத்துவர்கள் டாம்பனேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் லோவர் 1669-லேயே இதயத்தைப் பற்றிய தன் நூலில் இந்த நெருக்கத்தை விவரித்திருக்கிறார். அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935-இல் மூன்று அடையாளங்களைத் தொகுத்தார்: தாழ்ந்த ரத்த அழுத்தம், புடைத்த கழுத்துச் சிரை, ஸ்டெதாஸ்கோப்பில் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல ஒலிக்கும் இதயத் துடிப்பு. மூன்றும் ஒன்றாகத் தெரிவது திடீரென்று ஏற்படும் நெருக்கத்தில்தான். மெல்லச் சேரும் நீரில் ஒன்றோ இரண்டோ மட்டும் தெரியும், சில நேரம் எதுவுமே தெரியாது.

நாடியிலும் ஒரு விசித்திரம் உண்டு. 1873-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் அதைக் கவனித்து எழுதினார். நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது மணிக்கட்டில் நாடி மெலிகிறது, சிலருக்கு மறைந்தே போகிறது. ஆனால் இதயமோ விடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் இடநெருக்கடி. மூச்சை இழுக்கும்போது வலப்பக்க இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வருவது இயல்பு. உறை விறைத்திருப்பதால் வலப்பக்கம் வெளியே விரிய வழியில்லை. நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளித்தான் இடம் பிடிக்க முடியும். ஒற்றைக் கட்டிலில் இருவர் படுத்திருக்கும்போது ஒருவர் புரண்டால் மற்றவர் ஒடுங்க வேண்டியிருப்பதைப்போல இடப்பக்கம் ஒடுங்குகிறது. அந்தத் துடிப்பில் அது அனுப்பும் ரத்தம் குறைகிறது. மூச்சை இழுக்கையில் மேல் ரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் சாதாரணப் பட்டையும் பொறுமையும் இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைக் கண்டுவிடலாம்.

நோயாளிக்கு என்ன தெரியும் என்பது நீர் எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. உறை அழன்று நீர் சேர்ந்தால் பெரும்பாலும் வலியோடுதான் தொடங்கும். அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. கத்தியால் குத்துவதுபோல நடுமார்பில் இருக்கும். மல்லாந்து படுத்தால் கூடும், ஆழ்ந்து மூச்சிழுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிந்தால் குறையும். இடது தோளின் மேல்விளிம்பு வரை பரவும். மாரடைப்பு வலி படுக்கும் விதத்துக்கு ஏற்ப இப்படி மாறுவதில்லை. இரவில் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியலுக்குக் காத்திருப்பவர்கள் இந்த நோயாளிகள். அழன்ற பரப்புகள் உரசும் ஒலி ஸ்டெதாஸ்கோப்பில் புதுத் தோல் செருப்பின் கிறீச்சைப்போலக் கேட்கும். நீர் நிறையச் சேர்ந்ததும் பரப்புகள் விலகி அந்த ஒலியும் சில நேரம் வலியும் குறைந்துவிடும். வலி போய்விட்டதே என்று நிம்மதி அடைய வேண்டிய தருணம் அல்ல அது. மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தருணம்.

அழற்சியில்லாமல் மெல்லச் சேரும் நீர் வேறு வேடங்களில் வரும். வறட்டு இருமல். தீராத விக்கல், ஏனென்றால் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இந்த உறையை ஒட்டித்தான் இறங்குகிறது. பின்னாலிருக்கும் உணவுக்குழாய் நெருக்கப்பட்டால் சோறு விழுங்கச் சிரமம். அரிதாகக் குரல் கம்மல். பசியின்மை, வயிற்றுப் பொருமல், கால் வீக்கம். இவற்றில் எதைக் கேட்டாலும் யாருக்கும் முதலில் இதயம் நினைவுக்கு வராது. அப்படித்தான் இருமல் டானிக்கிலும் வாயு மாத்திரையிலும் வாரங்கள் கழிந்துபோகின்றன.

எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் அடி அகன்ற கூஜாவைப்போலத் தெரியலாம். ஆனால் நிழல் பெரிதாகவே சுமார் 250 மில்லிலிட்டருக்கு மேல் நீர் சேர்ந்திருக்க வேண்டும். சின்ன அளவு எக்ஸ்ரேயில் அகப்படாது. இசிஜியில் துடிப்புக் கோடுகள் ஒன்று உயரமாக, அடுத்தது குட்டையாக மாறிமாறி வரலாம். நீரில் மிதக்கும் இதயம் தொட்டில்போல அங்குமிங்கும் ஆடுவதன் பதிவு அது. சந்தேகத்தைத் தீர்ப்பது எக்கோ பரிசோதனை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் 1953-இல் இதயத்தின் மேல் முதன்முதலாகக் கேளா ஒலியைச் செலுத்திப் பார்த்தார்கள். அமெரிக்க மருத்துவர் ஹார்வி ஃபைகன்பாம் 1965-இல் உறைக்குள் இருக்கும் நீரை அந்த ஒலியால் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். இன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களில் பத்து நிமிடத்தில் முடிகிற சோதனை. நீர்ப்படலத்தின் தடிமன் 10 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் சிறிது, 20-க்கு மேல் போனால் பெரிது என்று எழுதுவார்கள். வலப்பக்க அறைகள் உள்வாங்குகின்றனவா என்பது அந்த எண்ணைவிட முக்கியம்.

நெருக்கம் இருந்தால் ஊசிதான் வழி. வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷூ என்ற அறுவை மருத்துவர் 1840-இலேயே உறைக்குள் ஊசி செலுத்தி நீரை எடுத்தார். அப்போது கைக்கணக்குத்தான். இப்போது எக்கோ திரையில் பார்த்துக்கொண்டே, நடுமார்பெலும்பின் அடிமுனைக்குக் கீழேயோ இடப்பக்க மார்பு வழியாகவோ ஊசியை நுழைத்து, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, நீரைப் படிப்படியாக வடிக்கிறார்கள். நிமிடங்களில் ரத்த அழுத்தம் ஏறும். சாம்பல் பூத்திருந்த முகத்தில் நிறம் திரும்பும். மருத்துவத்தில் இவ்வளவு சட்டென்று பலன் தெரியும் காரியங்கள் மிகக் குறைவு. அந்தப் பலன் தரும் மகிழ்ச்சியிலேயே அடுத்த கேள்வி மறந்துபோகிறது. ஊசி எடுத்தது நீரை. நீர் வரும் காரணத்தை அல்ல. ஆறு வாரத்தில் மீண்டும் இருமல், மீண்டும் எக்கோ, மீண்டும் நீர்.

வெளியே எடுத்த நீரே பாதி சாட்சி சொல்லும். பால்போல வெண்மையாக இருந்தால் மார்புக்குள் நிணநீர்ப் பெருங்குழாய் எங்கோ கசிகிறது. பொன்வண்ணப் பொடி கலந்ததுபோல மினுங்கினால் நெடுங்காலம் தேங்கிக் கொழுப்புப் படிந்த நீர். ரத்தம் கலந்திருந்தால் காசநோயையும் புற்றுநோயையும் விடாமல் தேட வேண்டும். அந்த நீரைச் சோதனைக்கு அனுப்பாமல் கொட்டிவிடுவது எனக்கு மன்னிக்க முடியாத செயலாகவே படுகிறது.

நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். நுரையீரலுக்கு நடுவேயுள்ள நிணநீர் முடிச்சுகளிலிருந்து கிருமி இதய உறைக்குத் தாவுகிறது. மாலையானால் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை, ஆடை தளர்வதில் தெரியும் எடைக் குறைவு, பிறகு மூச்சுத் திணறல். வலி அவ்வளவாக இருக்காது. எடுத்த நீரில் கிருமியைக் கண்ணால் பார்ப்பது கடினம், ஏனென்றால் அங்கே அவை மிகக் குறைவு. நோயின் பெரும்பகுதி கிருமிக்கு எதிராக உடம்பு காட்டும் சீற்றம். அதனால் மரபணுச் சோதனை, அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதியின் அளவு, உறையின் துணுக்கு என்று பல பக்கமிருந்தும் தேடுகிறார்கள். ஆறு மாத மருந்தை முழுமையாகச் சாப்பிட்டாக வேண்டும்.

சாப்பிடாவிட்டால் நீர் திரும்புவது ஒரு கேடு. நீர் வற்றிவிடுவது அதைவிடப் பெரிய கேடாக முடியலாம். அழன்ற உறை தடித்து, இறுகி, சுண்ணாம்பு படிந்து ஓடுபோல ஆகிவிடும். அப்போது நெருக்குவது நீர் அல்ல, உறையே. வயிறு வீங்கும், கால் வீங்கும், கல்லீரல் பெருக்கும். இந்த நோயாளிகள் கல்லீரல் கெட்டுவிட்டது என்று வருடக்கணக்கில் வயிற்று நீரை எடுத்துக்கொண்டே இருப்பதுண்டு. சாய்ந்து உட்கார்ந்திருப்பவரின் கழுத்துச் சிரையை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் வழி மாறியிருக்கும். கல்லீரல் நோயில் அது இப்படிப் புடைத்து நிற்பதில்லை. இந்த இறுக்கத்தைத் தடுக்க ஸ்டீராய்டு உதவுமா என்று தென்னாப்பிரிக்க மருத்துவர் போங்கானி மயோசியின் குழு 8 ஆப்பிரிக்க நாடுகளில் 1,400 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. மரணம் முதலிய பெரிய விளைவுகள் மொத்தமாகக் குறையவில்லை. ஆனால் உறை இறுகிப்போனது ஸ்டீராய்டு பெற்றவர்களில் 4.4 சதவீதம், பெறாதவர்களில் 7.8 சதவீதம். எச்ஐவி உள்ளவர்களிடம் புற்றுநோய் கூடியதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஏழை நாட்டு நோய்க்கு ஏழை நாடுகளிலேயே இவ்வளவு பெரிய ஆய்வு நடப்பது அரிது. நமக்கும் அது நேரடியாகப் பயன்படுகிறது.

அடுத்தது மிக எளிதாகத் தீரக்கூடியதும், மிக எளிதாகத் தவறவிடப்படுவதும்: தைராய்டு குறைபாடு. உடல் மந்தம், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, முகத்தில் ஊதல், கம்மிய குரல். வயதான பெண்கள் இதையெல்லாம் வயதின் கணக்கில் எழுதிவிடுவார்கள். ரத்தக் குழாய்கள் புரதத்தைக் கசியவிட, நிணநீர் வடிகால் சுணங்க, மாதங்கள் செல்லச் செல்ல உறைக்குள் நீர் பெருகும். மிக மெல்லச் சேர்வதால் நெருக்கம் அரிது. நீர் நிறைய இருந்தும் நாடி வேகமெடுக்காமல் நிதானமாகவே அடித்தால் அது ஒரு நல்ல துப்பு. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தைராக்சின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களில் நீர் தானே வற்றும், ஊசி தேவைப்படாது. மாத்திரையை விட்டால் நீர் திரும்பும். இரண்டாம் முறை நீர் வந்த எவருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் டயாலிசிஸ் போதாமல் போகிறவர்களுக்கும் நீர் கோக்கும். அதற்கு முதல் மருந்து டயாலிசிஸைக் கூட்டுவது. லூபஸ் இளம்பெண்களின் நோய்: மூட்டுவலி, கன்னத்தில் செம்படை, வாய்ப்புண், முடி கொட்டல் இவற்றோடு மார்புவலியும் வரும், நோய் சீறும்போதெல்லாம் நீரும் கூடவே வரும். முடக்குவாதத்திலும் அப்படியே. ஐசோனியசிட், ஹைட்ரலசின் போன்ற சில மருந்துகள் லூபஸைப்போன்ற நிலையைத் தோற்றுவித்து நீர் சேர்ப்பதுண்டு. டெங்குவிலும் நீர் சேரலாம், காய்ச்சலோடு அதுவும் போய்விடும். மாரடைப்புக்குச் சில வாரங்கள் கழித்து வரும் உறை அழற்சியை நியூயார்க்கில் வில்லியம் டிரெஸ்லர் 1956-இல் விவரித்தார். சிதைந்த இதயத் திசுவை உடம்பு அந்நியனாகப் பார்க்கத் தொடங்குவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது. இதய அறுவைக்குப் பிறகும் இதே நிகழும். பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவருக்குச் சில வாரங்களில் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வந்தால் தையல் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது.

புற்றுநோயைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். நுரையீரல், மார்பகம், ரத்தம், நிணநீர் முடிச்சு இவற்றின் புற்று உறையில் பரவினால் நீர் வேகமாக ஊறும். முடிச்சுகள் அடைபட்டு வடிகாலும் நின்றுவிடும். அதனால் ஒருமுறை எடுத்துவிட்டு ஊசியை உருவினால் திரும்புவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குழாயைச் சில நாட்கள் உள்ளேயே விட்டு, ஒரு நாளைக்கு வடிவது 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கிறார்கள். அல்லது உறையில் ஒரு சிறு ஜன்னல் வெட்டி, நீர் நுரையீரலைச் சுற்றியுள்ள அகன்ற இடத்துக்குப் போய்விடும்படி செய்கிறார்கள். புற்று போகாவிட்டாலும் மூச்சு எளிதாகும். கடைசி மாதங்களை மூச்சு முட்டாமல் கழிப்பது சிறிய விஷயமல்ல. சிலருக்கு இந்த நீர்தான் புற்றின் முதல் அடையாளம். நீரில் புற்றணு இல்லை என்று ஒரு ரிப்போர்ட் வந்ததால் மட்டும் தேடலை நிறுத்திவிட முடியாது.

இவ்வளவும் தேடிப் பார்த்தும் காரணம் அகப்படாதவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தடவை ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து உறை அழன்றிருக்கும். குணமாகி, நான்கு முதல் ஆறு வாரங்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் இருந்து, பிறகு மறுபடியும் அதே வலி, அதே நீர். முதல் முறை வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இப்படித் திரும்புகிறது. ஒருமுறை திரும்பியவருக்கு, சரியான மருந்தில்லாவிட்டால், மறுபடியும் திரும்பும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கிருமி போய்விட்டது, ஆனால் அதை எதிர்க்கப் புறப்பட்ட அழற்சி வீடு திரும்ப மறுக்கிறது. இன்டர்லூகின்-1 என்ற தூதுப் பொருள் மேலும் மேலும் சுரந்து, தன்னைத் தானே தூண்டிக்கொள்கிறது.

இந்தச் சுழலை உடைத்த மருந்துக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. அதன் பெயர் கோல்சிசின். ஐரோப்பாவில் வாதமூட்டு வலிக்கு ஒரு புல்வெளிப் பூச்செடியின் கிழங்கிலிருந்து எடுத்து வந்தார்கள். அதே பொருள் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர், வேதாரண்யம் பக்கங்களில் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று அதைப் பயிரிடுகிறார்கள். காலையில் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைத்துக் காய்பிடிக்கச் செய்வார்கள். விதை மருந்து தயாரிக்க ஏற்றுமதியாகிறது. 1987-இல் பார்சிலோனா மருத்துவர்கள் திரும்பத் திரும்ப வரும் உறை அழற்சிக்கு இதைக் கொடுத்துப் பார்த்து எழுதினார்கள். பிறகு இத்தாலியில் மாசிமோ இமாசியோவின் குழு ஒழுங்கான ஆய்வுகளில் சோதித்தது. 2005-இல் வந்த முடிவு: வழக்கமான மருந்து மட்டும் பெற்றவர்களில் 32.3 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. கோல்சிசின் சேர்த்துப் பெற்றவர்களில் 10.7 சதவீதம். அணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்களை இது குலைக்கிறது. அதனால் அழற்சி அணுக்களின் நடமாட்டமும், இன்டர்லூகின்-1-ஐத் தயாரிக்கும் கருவியின் கட்டமைப்பும் தடைபடுகின்றன. ஆஸ்பிரின் அல்லது இபுப்ரூஃபனோடு சேர்த்து முதல் முறைக்கு மூன்று மாதம், திரும்பியவர்களுக்கு ஆறு மாதம் என்று கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்குதான் பொதுவான தொல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இதில் மிகக் குறைவு. கண்வலிக்கிழங்கை அரைத்துக் குடித்து இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறார்கள். மில்லிகிராமில் அளந்த மாத்திரை வேறு, கிழங்கு வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டத்துப் பக்கம் போய்விடக் கூடாது.

ஸ்டீராய்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். போட்ட மறுநாளே வலி போய்விடும். நோயாளியும் குடும்பமும் கைகூப்புவார்கள். ஆனால் இந்தக் காரணமறியாத வகையில், தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. அளவைக் குறைக்கும்போதெல்லாம் நீர் திரும்பும், மறுபடி அளவைக் கூட்ட வேண்டிவரும், இடையில் சர்க்கரையும் எலும்புத் தேய்வும் வந்து சேரும். வேறு வழியில்லாதபோது, குறைந்த அளவில், மிக நிதானமாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டிய மருந்து அது. இதற்கும் அடங்காதவர்களுக்கு இப்போது இன்டர்லூகின்-1-ஐயே தடுக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. ரிலோனசெப்ட் என்ற ஊசியின் ஆய்வில், அதைத் தொடர்ந்தவர்கள் 30 பேரில் 2 பேருக்கே நோய் திரும்பியது. நிறுத்தி வெற்று ஊசிக்கு மாறிய 31 பேரில் 23 பேருக்குத் திரும்பியது. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. ஆறுதலான செய்தி இன்னொன்றும் உண்டு: எத்தனை முறை வந்தாலும் இந்த வகையில் உறை இறுகிப்போவது மிக அரிது. காசநோயில் இருக்கும் அபாயம் இதில் இல்லை. ‘இது என்னைக் கொன்றுவிடுமா’ என்று ஒவ்வொரு இரவும் பயந்து படுப்பவர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வலியே இல்லாமல், அழற்சிக் குறியே இல்லாமல், வருடக்கணக்கில் பெரிய அளவு நீரோடு இருப்பவர்களும் உண்டு. பார்சிலோனாவில் அப்படி 28 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 1999-இல் எழுதினார்கள். அவர்களில் 8 பேருக்கு எதிர்பாராமல் டாம்பனேட் ஏற்பட்டது. தண்டட்டிக் காதுக்கும் எல்லை உண்டு என்று முன்பு சொன்னது இதைத்தான். தொல்லை இல்லை என்பதற்காகக் கண்காணிப்பை விட முடியாது.

வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு யோசனையையும் இங்கே மறுத்தாக வேண்டும்: ‘நீர் போற மாத்திரை போட்டா சரியாயிடும், தண்ணியைக் குறைச்சுக் குடி.’ கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் சிறுநீர் மாத்திரை அழன்ற உறைக்குள் இருக்கும் நீரை உறிஞ்சாது. நெருக்கம் இருக்கும்போது இன்னும் மோசம். சிரைகளில் இருக்கும் ரத்தத்தின் அழுத்தம்தான் அப்போது இதயத்துக்குள் கொஞ்சமாவது ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மாத்திரையால் அதையும் வற்றச் செய்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதயம் பலவீனமாகி நீர் சேர்ந்தவருக்கு நன்மை செய்யும் அதே மாத்திரை இவருக்குக் கேடு. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டு இந்த நோய்க்கு உதவாது.

ஒருமுறை நீர் எடுத்தவர்கள் வீட்டில் சில அறிகுறிகளை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. படுக்க முடியாத அளவு மூச்சு முட்டுதல், எழுந்தால் கண் இருட்டுதல், குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடத்து அடித்தல், சிறுநீர் குறைதல். இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். போகும் இடத்தில் முதல் வார்த்தையாக ‘முன்னால் இதயத்தைச் சுற்றி நீர் இருந்தது’ என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பழைய எக்கோ சீட்டுகளையும், எடுத்த நீரின் சோதனை முடிவையும், தைராய்டு ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே கவரில் போட்டு வைத்திருங்கள். இன்று 18 மில்லிமீட்டர் என்று வரும் சீட்டு தனியாக எதையும் சொல்லாது. மூன்று மாதத்துக்கு முன் 16 இருந்ததா, பத்து நாளைக்கு முன் 6 இருந்ததா என்பதில்தான் டாக்டர் எடுக்கும் முடிவு இருக்கிறது.